சட்டிக்கும் ஒரு வாத்தியார்

தண்டையார்பேட்டை வரை மெட்ரோ பூமிக்கடியில் ஓடுகிறது. அதைத் தாண்டியதும் வெளிச்சத்துக்கு ஏறி, வீட்டு மாடிகளை ஒட்டியே போகிறது. 2021 பிப்ரவரியில் திறந்த தடம் இது. வடசென்னையின் டோல்கேட் நிலையத்தில் இறங்கினேன். கீழே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிச் சத்தம் ஓயவே இல்லை.

என்னை இங்கே வரவைத்தது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இசைக்குழு. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் அதன் முதல் மேடை. 19 பேர். கிட்டாருக்குப் பக்கத்தில் பறை, டிரம்ஸுக்குப் பக்கத்தில் சட்டி மேளம், ராப்போடு கானா. சாவு வீட்டில் விடிய விடியப் பாடித் தேறிய குரல்களுக்கு அன்றைக்கு மைக் கிடைத்தது. குழுவில் இருந்த ஒரே பெண் ராயபுரத்து இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். கானா ஆண்களின் பாட்டு என்றிருந்த ஊரில் அது பெரிய விஷயம்.

நெடுஞ்சாலையை விட்டு ஒரு சந்துக்குள் நுழைந்தேன். நாலைந்து பையன்கள் பழைய பேப்பரைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தோலை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் நெருப்பில் காட்டினான்.

“நல்லா காயணும்ணா. இல்லாங்காட்டி சத்தம் அமுங்கிப்பூடும்.”

யாரிடம் கற்றுக்கொண்டாய் என்றேன். “மாமா வாசிப்பாரு. கூடவே போய்ப் போய் வந்துச்சு.”

கிளாஸுக்குப் போகலாமே?

“அதெல்லாம் அந்தாண்ட தூரம்ணா. அங்க சட்டி, பறைலாம் யாரு சொல்லித்தரப் போறா?”

அவன் கேட்டது எனக்கு உறைத்தது. இளம் கலைஞர்களைத் தேடிப்போய்ச் சொல்லித்தரும் ஓர் அமைப்பு நினைவுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றிய இளைஞர் ஆர்கெஸ்ட்ரா 1976இல் தொடங்கியது. நாடுதோறும் தேர்வு வைத்து இளம் கலைஞர்களை எடுக்கிறார்கள். பெரிய வித்வான்களிடம் பயிற்சி கொடுத்து, ஊர் ஊராகக் கச்சேரிக்கு அழைத்துப்போகிறார்கள். வடசென்னைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையைத் திறந்துவிட்டது. ஆனால் ஒரு குழு ஒரு வட்டாரத்துக்கே பள்ளிக்கூடமாகவும் இருக்க முடியாது. அடுத்து வருகிறவர்களுக்கு மாதாமாதம் நடக்கும் பயிற்சி வேண்டும், வாத்தியம் வேண்டும், வெளியூர் போக வண்டிச்செலவு வேண்டும்.

டோல்கேட்டில் ஒரு கூடம் போதும். ராயபுரத்துப் பிள்ளைகளும் எண்ணூர்ப் பிள்ளைகளும் வந்துசேர இது நடுவாந்திரமான இடம். வயலினுக்கும் கீபோர்டுக்கும் வாத்தியார் வரட்டும். அதே சம்பளத்தில் சட்டிக்கும் ஒருவர் வேண்டும். அந்தப் பையனின் மாமாவைப் போன்ற ஒருவர்.