இருமல் வரும் இடம்

மாமாவின் கேசட்டில் மதுரை மணி ஐயர் 'சரஸ ஸாமதான' பாடிக்கொண்டிருப்பார். கபிநாராயணி ராகம். ஸ்வரம் சர்வலகுவில் குதித்துக்கொண்டு போகும். முன்வரிசையில் யாரோ இரண்டு தரம் இருமுவார். அதற்கப்புறம் மூன்றாவது ஆவர்த்தனத்தின் நடுவில் பாட்டு பட்டென்று அறுந்துவிடும். முதலில் பதிவு செய்த ஸ்பூல் தீர்ந்த இடம் அது. கேசட்டில் மட்டும் இன்னும் நாலு நிமிஷம் மிச்சம் இருக்கும், வெறும் இரைச்சலாக. அந்த இரைச்சலுக்குள் மாமா தொடையில் தாளம் தட்டி, மிச்ச ஸ்வரத்தைத் தானே பாடி, பல்லவிக்கு வந்து சேர்வார். சில நாள் அரை அட்சரம் தள்ளித்தான் வந்து சேர்வார். நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம்.

திருச்சி ஆண்டார் தெரு வீட்டில் இரண்டு ஜாதி கேசட் உண்டு. கடையில் வாங்கிய 'கம்பெனி கேசட்' கூடத்து அலமாரியில், தூசியோடு. 'கச்சேரி கேசட்' மட்டும் பீரோவில், புடவைகளுக்கு அடியில். மாமியின் கோபம் நியாயமானதுதான். ஆனால் மாமாவுக்கும் காரணம் இருந்தது. மணி ஐயர் 1968-இல் போய்விட்டார். அவர் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். மூன்று மணி நேரம் பாடியவரை அதற்குள் எப்படி அடைப்பது? அவரை உண்மையில் காப்பாற்றியது கல்யாணப் பந்தலிலும் கோயில் மேடையோரத்திலும் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

காப்பாற்றினார்கள், சரி. ஆனால் காப்பியிலிருந்து காப்பி. ஒருவர் மெஷினில் நாடா சற்று வேகமாக ஓடினால் சுருதி ஏறிவிடும். அடுத்தவர் அதையே அசல் என்று நம்புவார். அட்டையில் பென்சிலால் 'மணி – நல்ல கச்சேரி' என்று மட்டும் இருக்கும். தேதி கிடையாது, ஊர் கிடையாது. வயலின் லால்குடியா, டி.என். கிருஷ்ணனா என்று மாமாவும் அவர் சிநேகிதரும் ஒரு தீபாவளி முழுக்கச் சண்டை போட்டார்கள்.

"என்னிக்காவது கம்பெனிக்காரன் போடுவாண்டா, முழுசா, தேதியோட" என்பார் மாமா.

போடத்தான் செய்தார்கள். சி.டி. காலத்தில் பழைய கச்சேரிகள் ஒவ்வொன்றாக வந்தன. வானொலியும் தன் பெட்டகத்திலிருந்து கொஞ்சம் எடுத்து விட்டது. ஒவ்வொரு தரமும் முதலில் பாட்டுப் பட்டியலில் கபிநாராயணியைத் தேடுவேன். அது இருந்தால், இருமலைத் தேடுவேன். மியூசிக் அகாடமியில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்கவும் வழி செய்தார்கள். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வர முடியாது. அங்கேயும் தேடினேன்.

வெளியிடுவது சுலபமில்லை என்று பிறகு புரிந்தது. மேடையில் பாடியதன்மேல் பாடியவருக்கு உரிமை உண்டு என்று நம் சட்டம் சொன்னதே 1994 திருத்தத்தில்தான். பக்கவாத்தியக்காரர்களும் கலைஞர்கள்தானே? அவர்கள் குடும்பம், சபா, பதிவு செய்தவர் என்று எத்தனை வாசலில் போய் நிற்பது? பீரோக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்ற சுகத்தை எளிதில் விடமாட்டார்கள். மாமாவே ஒரு கேசட்டை யாருக்கும் தராமல் வைத்திருந்தார்.

பெங்களூரில் ஒரு பெரியவர் வீட்டில் அந்தக் கபிநாராயணிக் கச்சேரி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். காபி கொடுத்தார். 'என்னுடையது ரொம்ப சுத்தமான பிரதி' என்றார், நிஜந்தான். மிருதங்கத்தின் தொப்பி கூடக் கணீரென்று விழுந்தது. ஸ்வரம் ஆரம்பித்ததும் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இருமல், இரண்டு தரம். ஒன்று, இரண்டு, மூன்றாவது ஆவர்த்தனம். அறுந்தது, அதே இடத்தில். எல்லாப் பிரதியும் அந்த ஒரே ஸ்பூலின் பிள்ளைகள்.

பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க கிட்டயும் இவ்வளவுதானா?" என்றார்.

போன வருஷம் மாமாவின் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றக் கொடுத்தேன். பாதியில் பூஞ்சை. அந்தக் கபிநாராயணி கேசட் பிழைத்திருந்தது. மாற்றித் தந்த பையன் பொறுப்பானவன், போன் பண்ணிக் கேட்டான்: "சார், கடைசியில நாலு நிமிஷம் வெறும் இரைச்சல்தான். கட் பண்ணிடட்டுமா?"

வேண்டாம் என்றேன்.