காயலான் கடை விளக்கு

கொடுங்கையூரில் காயலான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே பழைய பாதரசத் தெருவிளக்கு அகப்படுவதும் அதிசயமல்ல. வெளியே முட்டை வடிவில் வெள்ளைப் பூச்சுக் கண்ணாடி. உள்ளே சின்னதாக ஒரு குவார்ட்ஸ் குழாய். பாதரச ஆவி ஒளிர்வது அந்தக் குழாய்க்குள்தான்.

ரசாயனம் படிக்கும் அடுத்த வீட்டுப் பையன் அப்படி ஒன்றை வாங்கி வந்தான். "வெளிக் கண்ணாடியை உடைச்சிட்டா யு.வி. லாம்ப் ரெடி, ஸார்! புதுசு வாங்க எங்கிட்ட ஏது பணம்?" என்றான். அவன் சொன்னது பொய்யல்ல. கையில் காசில்லாத ஆராய்ச்சிக்காரர்கள் பலர் கையாண்ட தந்திரம்தான் அது. அதனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வெளிக் கண்ணாடி வெறும் மூடியல்ல. 300 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதாக் கதிர்களைக் குவார்ட்ஸ் தடுக்காது. வெளிக் கண்ணாடிதான் மறித்து நிற்கிறது. அது போனால் அடி நேரே கண்ணுக்கு. அடிபட்டது அப்போது தெரியவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, மணலை வாரிப் போட்டாற்போல் கண் உறுத்தி எரியும். வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

"உன் சரக்குக்கு எந்த அலைநீளம் வேண்டும்?" என்று கேட்டேன். நாவல் எழுதுகிறவன் வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் பையனுக்குத் திகைப்பு. கண்டதையும் படிக்கிற வியாதி எனக்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியாது.

பென்ஸோபீனோனை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் கரைத்து வெளிச்சத்தில் வைக்க வேண்டுமாம். அதற்கு 350 நானோமீட்டரை ஒட்டிய கதிர் போதும். சாதாரணக் கண்ணாடிக் குடுவைக்குள்ளும் அது நுழையும். சூரியனிடம் தாராளமாகவும் இருக்கிறது. இத்தாலியில் போலோன்யா நகரத்துப் பேராசிரியர் சாமிச்சான் 1900-இல் இதே பென்ஸோபீனோனை ஆல்கஹாலில் கரைத்து வெயிலில்தான் வைத்தார். அவருடைய ஆராய்ச்சிசாலை மாடியில் குடுவைகள் வரிசையாக நிற்கும் புகைப்படம் உண்டு; பார்த்தால் நம் வீட்டில் வடகம் காயப் போட்ட மாதிரி இருக்கும்! போலோன்யா வெயிலில் நடந்தது சித்திரை மாதத்துக் கொடுங்கையூரில் நடக்காதா?

நடந்தது. கண்ணாடியிலுள்ள காரம் விளைபொருளைக் கெடுத்துவிடாமலிருக்க ஒரு சொட்டு அசெட்டிக் அமிலம் சேர்த்து, குடுவையை மூடி மொட்டை மாடியில் வைத்தான். சில நாளில் அடியில் வெள்ளைப் படிகங்கள் இறங்கின. பென்ஸோபினகால் என்று பெயர்.

சூரியனால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. 254 நானோமீட்டர் கேட்கும் சரக்குக்குக் குவார்ட்ஸ் குடுவையும், அதற்கென்றே செய்த விளக்கும், கதவைத் திறந்தால் தானே அணைந்துவிடும் பெட்டியும் வேண்டும். அதெல்லாம் கல்லூரி வாங்கித் தர வேண்டியவை.

காயலான் கடை விளக்கு உடையாமல் அவன் அலமாரியில் இருக்கிறது. குப்பைமேட்டில் எறிய நான் விடவில்லை. உள்ளே இருப்பது பாதரசம். யாரிடம் ஒப்படைப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.