கடற்கரையில் ஒரு கிரகண இரவு

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுவது எளிதல்ல. நகர வெளிச்சத்தில் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால், சந்திர கிரகணத்துக்கு இருட்டு தேவையில்லை. தொலைநோக்கியோ சிறப்புக் கண்ணாடியோ வேண்டாம். கொஞ்சம் திறந்தவெளி, ஒரு பாய், விழித்திருக்கத் தயாரான பிள்ளைகள் போதும்.

2025 செப்டம்பர் 8ஆம் தேதி அதிகாலை வந்த முழுச் சந்திர கிரகணம் பள்ளி விடுமுறையில் அமைந்தது. 8 வயது மகன், 5 வயது மகள், 74 வயது அம்மா ஆகியோருடன் நள்ளிரவுக்கு முன்பே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குச் சென்றேன். அந்நேரத்திலும் தூண்டில்காரர்கள் சிலர் இருந்தனர். கடலில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன.

இரவு 8 மணிக்கே எங்கள் எல்லாரையும் அம்மா சாப்பிட வைத்துவிட்டார். “பாம்பு நிலாவை விழுங்குற நேரத்துல சாப்பிடக்கூடாது” என்று பேரனிடம் சொன்னார். அவர் ஒரு கிரகணத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. சிறு வயதில் கம்பத்து வீட்டில், கதவைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளேயே வைத்துவிடுவார்களாம்.

12.27க்கு நிலாவின் ஓரம் கருகத் தொடங்கியது. நிலா கிட்டத்தட்ட உச்சியில் இருந்ததால் பாயில் படுத்தபடியே பார்த்தோம். “அப்பா, நிழல் வளைவா இருக்கு” என்றான் மகன். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் அந்த வளைவும் ஒன்று.

1.30க்கு நிலா முழுவதும் பூமியின் நிழலுக்குள் போய்ச் செங்கல் நிறமானது. பூமியின் காற்று மண்டலம் சூரிய ஒளியை வளைத்து, அதிலுள்ள சிவப்பை மட்டும் நிலாவுக்கு அனுப்புகிறது. அந்த நேரத்தில் உலகெங்கும் நிகழும் விடியல்கள், அந்திகள் அனைத்தின் நிறமும் அதுதான்.

மகள் தூங்கிப்போயிருந்தாள். அவளை எழுப்பியது அம்மாதான். “எழுந்திரும்மா, இதைப் பார்க்காமத் தூங்கலாமா?”

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் இப்படி ஆவதில்லை என்று மகன் கேட்டான். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. சூரியனின் பாதையை அது வெட்டும் இரண்டு இடங்களுக்கு அருகில் பௌர்ணமி வந்தால்தான் கிரகணம். அந்த இரு புள்ளிகளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் ராகு, கேது. “அப்போ பாட்டி சொன்ன பாம்பு அங்கதான் இருக்கா?” என்றான். அம்மா சிரித்துவிட்டார்.

82 நிமிடங்கள் நீடித்த அந்தச் சிவப்பை மேகம் இருமுறைதான் மறைத்தது.

இவ்வாண்டு மார்ச் 3, சாப் கோ மே மாலையில், நிலா எழும்போதே கிரகணத்தில் இருந்தது. எங்கள் வட்டாரத்து அடுக்குமாடிகளைத் தாண்டி அது மேலே வருவதற்குள் சிவப்பு மறைந்துவிட்டது.

அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு. உலகப் பொது நேரக் கணக்கில் ஒரே மாதத்தின் இரண்டாவது பௌர்ணமி என்பதால் அதற்கு ‘நீல நிலா’ என்று பெயர். அன்றோ அது சிவக்கப்போகிறது. புத்தாண்டு பிறந்து சுமார் கால் மணி நேரத்தில் முழுக் கிரகணம் தொடங்கும். வாணவேடிக்கை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். மழைக்காலம் என்பதால் குடையும், பிள்ளைகளுக்குக் கொசு மருந்தும் கையில் இருக்கட்டும்.

அப்போது மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8, அம்மாவுக்கு 77. இரவுச் சாப்பாட்டை 8 மணிக்கே முடித்துவிட வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.