அண்டை அயல்

புதிதாக ஒரு தெருவில் குடியேறுபவர் முதலில் என்ன செய்வார்? அண்டை வீட்டாருக்கு ஒரு வணக்கம் சொல்வார் அன்றோ! கணிப்பொறி வலையில் செய்திகளுக்கு வழிகாட்டும் ரூட்டர் என்னும் கருவியும் அதையே செய்கிறது. ஓ.எஸ்.பி.எஃப். என்னும் முறையில் ஒவ்வொரு ரூட்டரும் குறித்த நேரத்துக்கொரு முறை ‘ஹலோ’ அனுப்பும். எதிராளியின் ஹலோவில் தன் பெயரையும் கண்டால்தான் நம்பிக்கை பிறக்கும். அண்டை இல்லையேல் பாதையும் இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பழைய ரூட்டர்கள் நான்கு உண்டு. முந்திய ஆண்டு மாணவர்கள் ஒன்றை ஃபிரேம் ரிலே இணைப்பகமாகவும், மற்றவற்றைத் தலைமையகம், இரு கிளைகள் எனவும் அமைத்துவிட்டுப் போயிருந்தார்கள். (ஃபிரேம் ரிலே இன்று ஏறக்குறைய வழக்கொழிந்தது, 1990களில் அலுவலகங்கள் பல தம் கிளைகளை இணைத்தது இதன் வழியாகத்தான்.) அண்டைப் பட்டியலோ காலி. “இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு” என்றார்கள் பலரும். பேராசிரியர் எனக்கும் என் தோழனுக்கும் ஒரு வாரம் தவணை தந்தார்.

விந்தை என்னவென்றால், கம்பியில் பழுதே இல்லை. பிங் அனுப்பினால் ஐந்தும் திரும்பி வந்தன. பிறகு ஏன் இந்த மௌனம்? ஈதர்நெட் ஒரு தெரு. ஒருவர் கூவினால் எல்லோருக்கும் கேட்கும். ஃபிரேம் ரிலேயோ தொலைபேசி போன்றது. எண்ணைச் சுழற்றினால் அந்த ஒருவருக்கே கேட்கும். இத்தகைய கம்பியில், பெயர் சொல்லாதவரை ரூட்டர் யாருக்கும் ஹலோ சொல்லாது. தலைமையகத்தில் ‘நெய்பர்’ கட்டளையால் இரு கிளைகளின் முகவரிகளையும் எழுதினோம். இரண்டு நிமிடம் கழித்து முதல் கிளை ‘ஃபுல்’ என்று காட்டியது!

இரண்டாம் கிளை அசையவில்லை. அதை மட்டும் இருவர் பேசும் தனிக் கம்பியாக அமைத்திருந்தார்கள். தலைமையகத்தின் ஹலோ 30 நொடிக்கு ஒன்று. அதன் ஹலோ 10 நொடிக்கு ஒன்று. கணக்கு ஒவ்வாத ஹலோவை ரூட்டர் குப்பையில் போட்டுவிடும். தோழன் 10ஐ 30 ஆக்கினான். ‘ஃபுல்’ வந்தது. கை தட்டினோம். ஆனால் அந்தக் கிளைக்கு ஒரு பாதைகூட வரவில்லை! இதுதான் எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது. ஒரு பக்கம் அதை இருவர் பேச்சாக எண்ணுகிறது, மறுபக்கம் தலைவர் அமர்ந்த சபையாக எண்ணுகிறது; வரைபடம் எப்படிப் பொருந்தும்? இரு முனைகளின் வகையையும் ஒன்றாக்கிய பிறகே பாதைகள் வந்தன.

மறுநாள் மின்சாரம் போய்வந்ததும் மீண்டும் குழப்பம். தலைவர் தேர்தலில், எண் பெரிதாக இருந்த ஒரு கிளை வென்றிருந்தது. கிளைக்கும் கிளைக்கும் நேர்க் கம்பி இல்லையே! சக கிளைக்குக் கேட்காத தலைவரால் யாருக்கு என்ன பயன்? கிளைகளின் முன்னுரிமையை 0 ஆக்கினோம். தலைமையகமே தலைவராயிற்று.

மாலையில் பேராசிரியர் வந்து பட்டியலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இருப்புப் பதிவேட்டைத் திறந்து, அந்த நான்கின் எதிரே பென்சிலால் எழுதியிருந்த ‘கழிவு’ என்ற சொல்லை ரப்பரால் அழித்தார்.