அசையாதீங்க... ஒரு செகண்ட்!

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் முப்பத்தைந்து வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தார் அப்பா. "முகவாயை லேசா தூக்குங்க... அசையாதீங்க!" என்ற அவர் குரலைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

ஸ்டூடியோவை மூடிப் பல வருஷமாகிறது. போன வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது, கோணிச் சாக்கில் சுற்றிய ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே தேக்கு மரமும் பித்தளையுமாக ஒரு கேமரா. அப்பாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் தந்தது. பெயர் வாகீஸ்வரி. 1940களில் ஆலப்புழையில், ஹார்மோனியம் பழுது பார்க்கும் குடும்பத்தில் பிறந்த கருணாகரன் என்பவர் செய்யத் தொடங்கிய கேமரா. ஹார்மோனியத் துருத்தி மடித்த கைக்கு கேமராத் துருத்தி மடிக்க வராதா என்ன?

"இதுல உங்களை ஒரு போட்டோ எடுக்கணும்ப்பா" என்றேன்.

அப்பா சிரித்தார். "என்னையா? கை நிக்காதேம்மா."

அப்பாவுக்கு நாலு வருஷமாக நடுக்குவாதம். காபி டம்ளரைக்கூட இரண்டு கையாலும்தான் பிடிப்பார். அந்தக் கைகள்தான் ஒரு காலத்தில் ஊசி போல சீவிய பென்சிலை வைத்துக்கொண்டு, நெகட்டிவில் பெண்களின் முகத்துப் பருவையும் அம்மைத் தழும்பையும் அழித்தவை. பெரிய நெகட்டிவ் என்பதால் முகமும் பெரிதாக இருக்கும். பென்சில் வேலைக்கு இடம் இருக்கும். கை ஒரு நூல் பிசகினாலும் மணப்பெண் மூக்கில் வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும். அப்பாவுக்குப் பிசகியதே இல்லை.

மொபைலில் அப்பாவை எத்தனையோ எடுத்திருக்கிறேன். ஆனாலும் அவர் கேமராவில், அவர் முறையில் ஒன்று வேண்டும் என்று மனசு அடம்பிடித்தது.

முதல் பிரச்னை ஃபிலிம். இந்த வகைக் கேமராவுக்கு ரோல் கிடையாது, தனித்தனி ஷீட். வெளிநாட்டு ஷீட் ஒன்று சில நூறு ரூபாய். கற்றுக்குட்டிக்கு அது கட்டுப்படியாகாது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: எக்ஸ்ரே ஃபிலிம்! தெரிந்த லேப்காரர் ஒரு பெட்டி வரவழைத்துக் கொடுத்தார். 8க்கு 10 இன்ச் ஷீட்டை வெட்டினால், நாலே முக்காலுக்கு ஆறரை இன்ச் ஹாஃப் பிளேட் இரண்டு கிடைக்கும். சிவப்பு வெளிச்சம் இந்த ஃபிலிமை அவ்வளவாகப் பாதிக்காது. அதனால் சிவப்பு பல்பு போட்ட பாத்ரூமே எங்கள் டார்க் ரூம் ஆனது.

இரண்டாவது, துருத்தி. இருட்டறையில் துருத்திக்குள் மொபைல் டார்ச்சை வைத்துப் பார்த்தால், மடிப்பு முனைகளில் நட்சத்திரம் மாதிரி ஓட்டைகள். அத்தனைக்கும் கறுப்பு பெயின்ட் தொட்டு வைக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கேமராவின் ஃபிலிம் ஸ்லைடு கண்ணாடித் தகட்டுக்காகச் செய்தது என்பதால், மெல்லிய ஃபிலிமுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்து இறுக்கினோம்.

அடுத்தது, கறுப்புத் துணிக்குள் நுழைவது. முதல்முறை நுழைந்தவுடன் திகைத்துப்போனேன். பின்பக்கத் தேய்த்த கண்ணாடியில் எங்கள் வேப்பமரம் தலைகீழாகத் தொங்கியது. இடம் வலமாக, வலம் இடமாக. ஆனால், அவ்வளவு அழகு! காற்றில் இலைகள் கீழ்நோக்கி ஆடின. லென்ஸ் பலகையை நகர்த்த நகர்த்தத் துருத்தி நீண்டு சுருங்கியது. மங்கலாக இருந்த மரப்பட்டை மெல்லத் துலங்கியது. மொபைல் இதையெல்லாம் கேட்காமலே செய்துவிடுகிறது. இங்கே நாமே செய்ய வேண்டும். செய்யும்போதுதான் பார்க்கவும் செய்கிறோம்.

முதல் ஷீட், லென்ஸ் மூடியை மறந்துவிட்டு ஸ்லைடைத் திறந்ததில் கருகிப்போனது. இரண்டாவதில், எடுத்த ஃபிலிமிலேயே மறுபடி எடுத்து, வேப்பமரத்துக்குள் எங்கள் மொபெட் நின்றது. மூன்றாவதை டிரேயில் கீறினேன். எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு பக்கமும் மருந்துப் பூச்சு உண்டு. அடிப்பக்கம் உரசினாலும் கோடு விழும். டிரேக்குள்ளே அடியில் ஒரு கண்ணாடித் துண்டைப் போடச் சொன்னார் அப்பா. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்ததுதான் இன்றும் எனக்கு மந்திரம்: "முதல்ல மூடு. அப்புறம் திற. எடுத்ததும் எழுதி வை."

பத்து ஷீட் வீணான பிறகு, "சரி, உக்காருறேன்" என்றார்.

வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றியில் விபூதி. திண்ணையில் நாற்காலி போட்டேன். மொபைலில் லைட் மீட்டர் செயலி இருக்கிறது. அதில் ஐஎஸ்ஓ 50 என்று வைத்துப் பார்த்தேன். திண்ணை நிழலுக்கு எஃப் 22, ஒரு செகண்ட். ஷட்டர் கிடையாது, மூடியைக் கழற்றி மாட்டுவதுதான் ஷட்டர். அந்த ஒரு செகண்டுக்குத்தான் அந்தக் காலத்துத் தாத்தா பாட்டிகள் அப்படி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா தொடையில் கைகளை வைத்து அழுத்திக்கொண்டார். கை அடங்கவில்லை. "கையைக் கேமராவுக்குத் தெரியாம வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். எத்தனையோ பேரின் தழும்பை மறைத்துக் கொடுத்தவர். எனக்குத் தொண்டை அடைத்தது.

"வேணாம்ப்பா. இருக்கட்டும்."

துணிக்குள் போய் அவர் கண்ணில் ஃபோகஸ் செய்தேன். மூடி போட்டேன். ஸ்லைடைத் திறந்தேன். வெளியே வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக நான் அவரிடம் சொன்னேன்: "அசையாதீங்க!"

ஒரு செகண்ட். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி பாத்ரூமில் ஸ்டூல் போட்டு அப்பாவை உட்காரவைத்தேன். சிவப்பு வெளிச்சத்தில் நான் டிரேயை ஆட்ட, அவர் எட்டிப் பார்த்தார். கடிகாரம் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம்... இன்னும்... எடு! தண்ணியில போடு. இப்ப ஹைப்போ." குரல் மட்டும் நடுங்கவே இல்லை. வீடெல்லாம் ஹைப்போ வாசனை. பள்ளிக்கூடம் விட்டு ஸ்டூடியோவுக்கு ஓடிய நாள்களின் வாசனை அது.

மறுநாள் காலையில் காய்ந்த நெகட்டிவை டேப்லெட்டின் வெள்ளைத் திரைமேல் வைத்து, மொபைலில் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினேன். அப்பா வந்தார்.

முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் எண்ணக்கூடிய தெளிவு. சிவப்பை உணராத ஃபிலிம் என்பதால் உதடு கறுத்திருந்தது. பழைய படங்களில் குங்குமப் பொட்டு கன்னங்கரேலென்று இருப்பதும் இதனால்தான். விபூதி பளிச். தொடைமேல் கைகள் மட்டும் புகை மாதிரி கலைந்திருந்தன.

"இன்னொண்ணு எடுக்கலாமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் படத்தைப் பார்ப்பது போல ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணு ஃபோகஸ்ல இருக்கு. பேக்ரவுண்ட் சுத்தமா இருக்கு. கை அசைஞ்சிருக்கு... அசையுற கை அசையத்தான் செய்யும்" என்றவர், படத்தை என்னிடம் நீட்டினார். "தாராளமா டெலிவரி கொடுக்கலாம். பார்ட்டிகிட்ட பாக்கிப் பணத்தை வாங்கிக்கோ!"

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். இறக்கிப் பாருங்கள். அதை இயக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்கும்போது இறக்குங்கள்.