மணியின் நோட்டு

 

போன வாரம் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் செய்தாள். கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். "சார், எங்க நாயையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். உங்க மக கூட்டிட்டுப் போனாங்கல்ல, என்ன செலவாகும்?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான், இதில் என் மகளிடம் நான் சொல்ல வேண்டிய ஒன்றும் பாக்கி இருப்பது தெரிந்தது. அதனால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு மணியை உங்களில் பலருக்குத் தெரியும். டியூஷனுக்கு வந்தவர்களின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியவன். 2016இல் ஆடிக் கடைசி வெள்ளிக்கு மறுநாள், மாரியம்மன் கோயில் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, ஆற்றுக்குப் போகிற பாதையில் ஒரு கரும்புச்சாறு வண்டிக்கு அடியில் கிடந்தான். என் மனைவி முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். நீண்ட முகத்தையும் ஒட்டிய வயிற்றையும் பார்த்துவிட்டு, "சிப்பிப்பாறை ரத்தம் ஓடுது" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. கால்வாசி ஓடியிருக்கலாம். மீதி இருக்கன்குடித் தெரு நாய்தான்.

பால் கணக்கு எழுதுவது போல, மனைவி அவனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருந்தாள். தடுப்பூசி, பூச்சி மருந்து, எடை எல்லாம் தேதியோடு இருக்கும். 2018 ஆகஸ்டில் காய்ச்சல் வந்து, சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டான். ஆட்டோவில் சாத்தூர் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். டாக்டர் ஈறைப் பார்த்தார், காது மடலைப் புரட்டிப் பார்த்தார், "உண்ணிக் காய்ச்சல்" என்றார். ஊசி போட்டு, டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வைத்தியத்துக்குப் பைசா வாங்கவில்லை. ஆட்டோவும் வெளியில் வாங்கிய மாத்திரையும் சேர்த்து 640 ரூபாய் என்று நோட்டில் இருக்கிறது. மூன்று வாரத்தில் பழையபடி செருப்புத் திருடனாகிவிட்டான். மகள் அப்போது மதுரையில் வேலை பார்த்தாள். அவளுக்கு இது தெரியவே தெரியாது. நாங்களும் மறந்துபோனோம்.

2020இல் மனைவி தவறிவிட்டாள். மணி வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க எனக்குத் திராணி இல்லை. அதற்குள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்கு நர்ஸாகப் போயிருந்த மகள், "அம்மா வளர்த்தவன், நான் கூட்டிக்கிறேன்ப்பா" என்றாள்.

கூட்டிக்கொள்வது சொல்கிற அளவுக்கு எளிதில்லை. முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப். அதற்குப் பிறகுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பிரிட்டனுக்கு வந்திறங்க 120 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து டாக்டர் கையெழுத்து வாங்க வேண்டும். பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் நாய் சரக்காகத்தான் வர முடியும், மடியில் வைத்துக்கொள்ள முடியாது. பெட்டி, சரக்குக் கட்டணம், ஏஜெண்ட் கூலி எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் லட்சம் ஆனது. "அந்தக் காசுக்கு நாலு கறவை மாடு வாங்கலாமே மச்சான்" என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னார். மனதுக்குள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2021இல் அங்கே போய்ச் சேர்ந்ததும் மகள் காப்பீடு எடுத்தாள். மாதம் 31 பவுண்டு. விண்ணப்பத்தில், முன்பு ஏதாவது நோய் இருந்ததா என்று கேட்டிருந்தார்கள். தனக்குத் தெரிந்தவரை இல்லை என்று எழுதினாள்.

2023 செப்டம்பரில் நான் லீட்ஸ் போனேன். நவம்பர் 5ஆம் தேதி அங்கே ஊரெல்லாம் வேட்டுப் போடுவார்கள். அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. நம்மவன் ஜன்னலோரம் படுத்து வேடிக்கை பார்த்தான். சிவகாசிச் சரகத்து நாய்க்கு இதெல்லாம் ஒரு சத்தமா என்று பேரனிடம் பெருமையடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. துண்டு துண்டாக நனைந்தது, நிற்கவில்லை. ராத்திரி திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். வாசலில் காலை வைத்த உடன் 265 பவுண்டு. பிறகு ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, சொட்டு மருந்து. ரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைவு என்றார்கள். ஞாயிறு ரத்தம் ஏற்றினார்கள். திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பக்குவமாகப் பேசினார். மூக்கில் கட்டியாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும், மொத்தம் 6,000 பவுண்டு வரை போகலாம். வேண்டாமென்றால் வலியில்லாமல் அனுப்பிவைக்கவும் வழி இருக்கிறது.

நான் வாயைத் திறந்தேன். "நாய்தானேம்மா. ஊசியப் போட்டு அனுப்பிரு. உனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு. விடு" என்றேன். மகள் பதிலே சொல்லவில்லை. கார்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

அந்த "விடு" எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். 1980களில் அரசு மானியக் கடனில் அப்பா ஒரு பசு வாங்கினார். காப்பீடும் உண்டு, அதற்கு அடையாளமாகக் காதில் ஒரு வில்லை மாட்டியிருப்பார்கள். மாடு செத்தால் அந்த வில்லையைக் கொண்டு போய்க் காட்ட வேண்டும், இல்லையென்றால் பணம் கிடையாது. எங்கள் பசு சீமைக் கருவேலங்காட்டில் மேய்ந்தபோது வில்லை முள்ளில் மாட்டி அறுந்துபோனது. இரண்டு மாதம் கழித்து வயிறு உப்பிச் செத்தது. பணம் வரவில்லை, கடன் மட்டும் நின்றது. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க் கட்டினாள். அழுத என்னிடம் அப்பா சொன்னார்: "வாயில்லா ஜீவன், போனது போச்சு. விடுறா." அவருக்கு வேறு வழியில்லை, சொன்னார். நான் நாற்பது வருஷம் கழித்து, வழி இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு, அதையே புத்திசாலித்தனம் என்று நினைத்துச் சொன்னேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா சும்மா கேட்பது போல, "இந்தியாவில் இவனுக்கு ஏதாவது பெரிய நோய் வந்திருக்கிறதா?" என்றார். எனக்குச் சாத்தூர் ஆட்டோ ஞாபகம் வந்தது. உடனே ஊரில் தம்பிக்குப் போன் போட்டேன். பீரோவில் மனைவியின் சேலைகளுக்கு அடியில் நோட்டு இருந்தது. அரைமணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அவள் கையெழுத்தில் "உண்ணிக் காய்ச்சல்", பக்கத்தில் சாத்தூர் டாக்டரின் சீட்டு. மகள் மொழிபெயர்த்துச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகமே மாறியது. அந்தக் கிருமி உடம்பில் வருஷக்கணக்காக ஒளிந்திருந்து, பிறகு தட்டணுக்களைக் குறைத்து மூக்கில் ரத்தமாக வெளிவரலாமாம். அதைப் பரப்புகிற உண்ணி பிரிட்டனில் நிலையாக இல்லை, அதனால் அங்கே எடுத்த எடுப்பில் யாருக்கும் நினைவுக்கு வராது. ஸ்கேனை நிறுத்திவிட்டு அதற்கான பரிசோதனை செய்தார்கள். அதேதான். மருந்தும் அதே டாக்ஸிசைக்ளின், 28 நாள். மணி பிழைத்தான்.

பில் 3,840 பவுண்டு. அன்றைய கணக்கில் ஏறத்தாழ நாலு லட்சம் ரூபாய். மாத்திரைக்கு மட்டும் பார்த்தால் சில்லறைக் காசு.

ஒரு மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. காப்பீடு எடுப்பதற்கு முன்பே இருந்த நோய், ஆகவே பணம் தர இயலாது. ஆதாரம், அந்த நோட்டின் பக்கம். அவனைக் காப்பாற்றிய தாளே எங்கள் காசையும் கொண்டு போனது.

"அந்த நோட்ட அவங்க கண்ணுல காட்டாம இருந்திருக்கலாமே" என்று ஊரில் சிலர் கேட்டார்கள். காட்டாவிட்டால் நோய் என்னவென்றே தெரிந்திருக்காது. டாக்டரிடம் ஒன்றும் நிறுவனத்திடம் வேறொன்றும் சொல்ல முடியாது, மருத்துவக் குறிப்பு முழுவதையும் அவர்கள் கேட்டு வாங்குவார்கள். விடை மட்டும் எழுதி வழிமுறையை மறைத்தால் மார்க் கிடையாது என்று முப்பத்தைந்து வருஷம் உங்களிடம் சொன்னவன் நான். மகளும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கடன் வாங்கி, பதினாலு மாதம் தவணை கட்டினாள். நான் பென்ஷனில் அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அங்கே ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பீர்கள். மனிதர்களுக்கு அரசு மருத்துவம் உண்டு, விலங்குகளுக்கு இல்லை. 2013இல் பிரிட்டனின் விலங்கு மருத்துவமனைகளில் சுமார் 10 சதவீதம்தான் பெரிய குழுமங்களின் கையில் இருந்தது. பத்தே வருஷத்தில் அது 60 சதவீதத்தை நெருங்கியது. அந்நாட்டுப் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2023 செப்டம்பரில் ஆராயத் தொடங்கி, 2024 மே மாதம் முறையான விசாரணை வைத்தது. 2016க்கும் 2023க்கும் இடையில் கட்டணம் 63 சதவீதம் ஏறியதாக அது கணக்கிட்டது. ஜெர்மனியில் வேறு மாதிரி. கட்டணத்தை அரசு ஆணையே வகுக்கிறது. 2022 நவம்பரில் அதைத் திருத்தி உயர்த்தினார்கள். டாக்டர் அதில் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை வாங்கலாம், இரவு அவசரத்தில் நான்கு மடங்கு வரை. ஊராட்சிகள் நாய்க்கு வரியும் போடும்.

நம்ம ஊர்க் கால்நடைக் காப்பீடு, மாடு செத்தால் பணம் தரும். அங்கே நாய்க் காப்பீடு, வைத்தியம் பார்த்துப் பிழைக்கவைக்கப் பணம் தரும். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நோய் வருவதற்கு முன்னால் வாங்கினால்தான் உதவும். ஆகவே போன் செய்த மகளுக்கும், நாய் பூனை வளர்க்கும் மற்ற பிள்ளைகளுக்கும்:

1. பயணத்துக்கு ஆறேழு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். ஜெர்மனிக்கும் அதே ரத்தப் பரிசோதனை, அதே மூன்று மாதக் காத்திருப்பு. ஆஸ்திரேலியா போகிறவர்கள் கவனியுங்கள், அந்த நாடு இந்தியாவிலிருந்து நேரடியாக நாயை ஏற்பதில்லை.

2. கிளம்பும் முன் இங்கேயே உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்துவிடுங்கள்.

3. போய்ச் சேர்ந்ததும் காப்பீடு எடுங்கள். நோய்க்குப் பெரும்பாலும் முதல் 14 நாள் கணக்கில் வராது. விபத்துக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு மட்டும், ஆயுள் முழுவதற்கும் என்று பல வகை உண்டு. நாய்க்கு வயதாக ஆக மாதத் தொகை ஏறும், பில்லில் நம் பங்கும் ஏறும்.

4. பழைய நோயை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வருஷம் அறிகுறி இல்லாமல் இருந்தால் ஏற்கிற நிறுவனங்களும் உண்டு. எங்களுக்குத் தெரிந்திருந்தால் அப்படி ஒன்றைத் தேடியிருப்போம்.

5. பிரிட்டனில் மருந்துச் சீட்டை எழுதி வாங்கி வெளியில் வாங்கினால் பெரும்பாலும் மலிவு. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

6. மாதம் ஒரு தொகையை நாயின் பெயரில் தனியாகப் போட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மணிக்கு இப்போது மூஞ்சியெல்லாம் நரைத்துவிட்டது. போன ஞாயிறு வீடியோவில் என் குரலைக் கேட்டு எழுந்து வந்து போனை மோந்து பார்த்தான். அப்போது சொல்ல வாய் வரவில்லை, இப்போது எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன். தாயி, அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்னது தப்பு. நீ பேசாமல் கார்டை எடுத்து வைத்தாயே, அதுதான் சரி. உங்கம்மா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
இருக்கன்குடி.