சேப்பாக்கமும் குளத்தடி வயலும்

மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே மூன்று ஏக்கர் சாகுபடி செய்யும் ஐம்பத்தெட்டு வயது விவசாயி ஒருவரை ஊர்ப்பிள்ளைகள் ‘மஞ்சச்சட்டை பெரியப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மார்ச் கடைசியில் அவரிடம் இரண்டு வேலைகள் சேர்ந்துவிடும். பகலில் நெல் தரிசு உளுந்து காய் முற்றிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி ஏழரை மணிக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடுவதைப் பார்க்க வேண்டும். சென்னை ஆடும் நாளில் அந்த மஞ்சள் சட்டையைப் போடாமல் டி.வி. முன்னால் உட்கார மாட்டார். கழுத்துப் பட்டை நைந்துபோன சட்டை அது.

2008-ல் ஐ.பி.எல். தொடங்கிய நாளிலிருந்தே அவர் சென்னை பக்கம்தான். 2010-ல் முதல் கோப்பை. அந்த வருஷமும் அணி முதல் ஏழு ஆட்டத்தில் ஐந்தில் தோற்றுத்தான் எழுந்தது. அதற்குப் பிறகு 2011, 2018, 2021, 2023 என்று நான்கு கோப்பைகள். நடுவில் 2016, 2017 இரண்டு வருஷமும் அணியே தடையில் இருந்தது. அப்போதும் அவர் வேறு அணிக்குப் போகவில்லை. “நெலம் ரெண்டு வருஷம் தரிசா கெடந்தா பட்டாவ மாத்திருவோமா?” என்று கேட்பார்.

அவரை உண்மையாகவே தவிக்க வைத்தது 2018-தான். உச்ச நீதிமன்றம் கொடுத்த ஆறு வாரக் கெடு முடிந்தும் காவிரி மேலாண்மை வாரியம் அமையவில்லை. டெல்டா முழுக்க மறியல். அவரும் ரோட்டில் உட்கார்ந்தவர்தான். ஏப்ரல் 10-ம் தேதி சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் ஆட்டம். வெளியே போராட்டம், உள்ளே மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மிச்சமிருந்த சொந்த ஊர் ஆட்டங்கள் எல்லாம் புனேவுக்குப் போய்விட்டன. அன்றைக்கு அவர் வீட்டில் டி.வி. போடவில்லை. மறுநாள் டீக்கடையில் ஜெயித்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். “தண்ணி நமக்கு சோறு. ஆட்டம் நமக்கு சந்தோஷம். சோறு இல்லாதப்ப சந்தோஷத்தப் பத்திப் பேசக் கூடாது” என்பது அவர் கணக்கு. ஆனால் மே 27-ம் தேதி வாட்சன் 117 ரன் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தபோது, வீட்டில் யாருக்கும் தெரியாமல் கொல்லைப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவருக்கு 2025 சீசன் பெரிய அடி.

மூன்று மா வயலின் வழக்கு

அதே சமயம் வீட்டுக்குள்ளும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவருடைய மூன்று ஏக்கரில் குளத்தை ஒட்டி மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். ‘குளத்தடி வயல்’ என்று பெயர். அவர் அப்பா காலத்தில் அதுதான் நல்ல வயல். சம்பாவில் முப்பது மூட்டைக்குக் குறையாது. கடந்த மூன்று வருஷமாக அது இறங்கிக்கொண்டே வந்தது. போன தை அறுப்பில் இருபத்திரண்டு மூட்டைதான். நடவு நட்டு இருபது நாளில் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கும். இலையில் துரு பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளி விழும். இவர் பூச்சி என்று மருந்தடிப்பார். பசி என்று டி.ஏ.பி. கூடுதலாகப் போடுவார். செலவு ஏறியதே தவிர மகசூல் ஏறவில்லை.

பாலிடெக்னிக் முடித்துத் திருப்பூரில் நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மகன், “அப்பா, மண்ணை எடுத்து டெஸ்ட்டுக்குக் குடுத்துப் பாத்துடலாமே” என்று கேட்டான். பையனுக்கு இருபத்தாறு வயது. அவன் கேட்டது இரண்டாவது தடவை.

“முப்பத்தஞ்சு வருஷமா மிதிச்ச மண்ணுடா தம்பி. எனக்குத் தெரியாதது அந்தக் காகிதத்துல வந்துடப் போவுதா?”

“தெரியாதுன்னு சொல்லலப்பா. பாத்துடலாம்னு சொல்றேன்.”

“ஏங்க, அவன் கேக்குறதுல என்ன தப்பு?” என்று அம்மா குறுக்கே வந்தார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில்கூட அப்பனும் மகனும் வயலைப் பற்றிப் பேசுவதில்லை. பையன் திருப்பூருக்கே போய்விடலாமா என்று சிநேகிதர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

சொந்த மைதானத்தில் சரிந்த கதை

மார்ச் 23-ம் தேதி சேப்பாக்கத்தில் மும்பையை ஜெயித்துச் சீசன் நன்றாகத்தான் தொடங்கியது. நூர் அகமது நான்கு விக்கெட் எடுத்தார். சூர்யகுமாரை தோனி கண் இமைக்கும் நேரத்தில் ஸ்டம்பிங் செய்தார். ஐந்து நாள் கழித்து அதே மைதானத்தில் பெங்களூரு 50 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. 2008-க்குப் பிறகு பெங்களூரு அங்கே ஜெயித்ததே இல்லை. பதினேழு வருஷக் கணக்கு ஒரு ராத்திரியில் உடைந்தது. தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கியதைப் பற்றி டீக்கடையில் இரண்டு நாள் சண்டை.

ஏப்ரல் 5-ம் தேதி டெல்லியிடம் 25 ரன்னில் தோல்வி. 11-ம் தேதி கொல்கத்தாவிடம் நடந்ததை அவர் இன்றைக்கும் முழுசாகச் சொல்ல மாட்டார். இருபது ஓவரும் ஆடிச் சென்னை எடுத்தது 103 ரன். கொல்கத்தா அதைப் பத்தே முக்கால் சொச்சம் ஓவர்கூட இல்லாமல், 10.1 ஓவரிலேயே முடித்துவிட்டது. கேப்டன் ருதுராஜ் முழங்கையில் அடிபட்டு வெளியேறி, நாற்பத்து மூன்று வயது தோனி மறுபடி கேப்டன் ஆன முதல் ஆட்டம் அது. “எழுந்து படுங்க” என்று வீட்டில் சொன்ன பிறகும், அணைத்துவிட்ட டி.வி.யைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு செய்தி அவர் மனசில் முள்ளாகக் குத்தியது. பெங்களூரு ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியாளர் பிளெமிங், சேப்பாக்கத்தில் தங்களுக்குச் சொந்த மைதானச் சாதகம் எதுவும் இல்லை என்றும், ஆடுகளம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தங்களால் கணிக்க முடியவில்லை என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். இவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதினேழு வருஷமாக ஆடுகிற இடம். பந்து நின்று வரும், சுழலும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தெரியவில்லை என்று சொல்வதா?

அடுத்த வாரம் உளுந்து பிடுங்கும்போது வரப்பில் உட்கார்ந்து யோசித்தார். ஆடுகளமும் மண்தான். களி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு விட்டார்கள், எத்தனை நாள் உருளை ஓட்டிக் காயவிட்டார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். பெயர் சேப்பாக்கம் என்றே இருக்கும். மண் போன வருஷத்து மண்ணாக இருக்காது. தோற்ற பிறகாவது, ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்று அந்த ஆள் ஊர் முன்னால் சொல்லிவிட்டார்.

எதிரே குளத்தடி வயல் கிடந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் குளத்தைத் தூர் வாரினார்கள். அதற்குப் பிறகு குளத்தில் தண்ணீர் அதிக நாள் நிற்கிறது. அந்தக் கசிவில் வயலின் கீழ்ப்பாதி காய்வதே இல்லை. மற்ற வயலில் உளுந்து பிடுங்கும்போது புழுதி பறக்க, இங்கே காலில் ஈரம் ஒட்டும். இதை அவர் நான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்தாரே தவிர, மண் மாறிவிட்டது என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

ஆனாலும் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா என்றால் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்துவிட முடியுமா?

நடுவில் வந்த நாற்றுகள்

ஏப்ரல் 14-ம் தேதி லக்னோவில் ஒரு வெற்றி. தோனி 11 பந்தில் 26 அடித்து ஆட்ட நாயகன் ஆனார். பெரியப்பா மறுநாள் பூராவும் சிரித்த முகம். “பாத்தியா, பழைய கட்டை வைரம்டா” என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அந்தச் சிரிப்பு ஆறு நாள்கூட நிற்கவில்லை. மும்பையில் 9 விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி.

ஆனால் அந்த மும்பை ஆட்டத்தில் ஒரு புது முகம் இறங்கியது. பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே, ருதுராஜ் இடத்துக்கு வந்த பையன், 15 பந்தில் 32 அடித்துவிட்டுப் போனான். அடுத்து டெவால்ட் பிரெவிஸ் வந்தார், பிறகு உர்வில் படேல் வந்தார். மூன்று பேருமே ஏலத்தில் எடுத்தவர்கள் இல்லை. சீசன் நடுவில் மாற்றாக வந்தவர்கள். நட்ட பயிர் செத்த இடத்தில் பாடுவாசி நிரப்புவதுபோல அணி அவர்களை வைத்தது. காலம் தாழ்ந்த பாடுவாசிதான். ஏப்ரல் 25-ல் ஐதராபாத், 30-ல் பஞ்சாப் என்று சேப்பாக்கத்தில் மேலும் இரண்டு தோல்வி. அங்கே மட்டும் தொடர்ந்து ஐந்து. பஞ்சாப் ஆட்டத்தோடு அடுத்த சுற்று வாய்ப்பும் போயிற்று.

மே 3-ம் தேதி பெங்களூரில் ஆட்டம். இனி ஜெயித்தாலும் பலன் இல்லை. மகன் பார்க்க வரமாட்டான் என்று நினைத்தார். அவன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். பெங்களூரு 213 எடுத்தது. மாத்ரே 48 பந்தில் 94, ஜடேஜா ஆட்டமிழக்காமல் 77. சென்னை 211. இரண்டே ரன்னில் போயிற்று.

வெகுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவர்தான் ஆரம்பித்தார்.

“இந்தப் பயல முதல் ஆட்டத்துலேர்ந்தே எறக்கியிருக்கலாம்.”

“இருந்தாத்தானேப்பா எறக்குவாங்க? ஆளு அடிபட்ட பொறவுதான கூப்டாங்க.”

அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். “நாளைக்கு மம்முட்டிய எடுத்து வையிடா தம்பி. குளத்தடிக்குப் போவோம்” என்றார். மகன் எதற்கு என்று கேட்கவில்லை.

பிளாஸ்டிக் வாளியில் பத்து மண்

உளுந்து எடுத்த பிறகு வயல் சும்மா கிடக்கும் கோடைதான் மண் மாதிரி எடுக்க ஏற்ற காலம். ஒரே வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். வரப்போரம், வாய்க்கால் ஓரம், மர நிழல், எருக் குவித்த இடம் கூடாது. மேலே கிடக்கும் சருகையும் தாளையும் ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ எழுத்துபோல அரையடிக் குழி வெட்டி, இரண்டு பக்கச் சரிவிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல்கட்டைப் பருமனுக்குச் சுரண்ட வேண்டும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகத்தைத் தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் அரைக் கிலோ நிற்க வேண்டும். உரச்சாக்கும் இரும்புச் சட்டியும் ஆகாது. ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்த வேண்டும். அப்பா வெட்ட, மகன் சுரண்டினான். கசியும் கீழ்ப்பாதிக்கும் மேல்பாதிக்கும் தனித்தனி மாதிரியாக எடுத்ததுதான் அன்றைக்குச் செய்த புத்திசாலித்தனமான காரியம். அதைச் சொன்னவர் அப்பா. முப்பத்தைந்து வருஷம் மிதித்தவருக்குத்தான் எங்கே ஈரம் ஒட்டும் என்பது தெரியும்.

மே கடைசியில் முடிவு வந்தது. கீழ்ப்பாதியில் துத்தநாகச் சத்து மிகக் குறைவு. மணிச்சத்து தேவைக்கு மேல். எப்போதும் நீர் கோத்து நிற்கும் களிமண்ணில் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது குறையும். அதன் மேல் மணிச்சத்தையும் கொட்டினால் இன்னும் குறையும். பழுப்புப் புள்ளி பூச்சியில்லை. பசி என்று அவர் நினைத்தது பாதி சரி. அவர் போட்ட சாப்பாடுதான் தப்பு. அந்தப் பாதிக்கு டி.ஏ.பி.யைக் குறைத்து, ஏக்கருக்கு 10 கிலோ கணக்கில் துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து நடவுக்கு முன் மேலாகத் தூவ வேண்டும், டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்துக் கலக்கக் கூடாது என்று சொன்னார்கள். கசிவுக்கு ஒரு வடிகால் வெட்டுவது தனி வேலை.

காகிதத்தை மகன் படித்தான். அவர் கேட்டார். “மூணு வருஷ மருந்துச் செலவு” என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் சீசனும் முடிந்திருந்தது. கொல்கத்தாவில் பிரெவிஸ் 25 பந்தில் 52 அடித்து ஒரு வெற்றி. எல்லையில் பதற்றம் வந்து ஒரு வாரம் எல்லா ஆட்டமும் நின்றது. மறுபடி தொடங்கியதும் ராஜஸ்தானிடம் ஒரு தோல்வி. கடைசியாக மே 25, ஞாயிறு பிற்பகல், குஜராத்தை அதன் ஊரிலேயே 83 ரன்னில் வீழ்த்தினார்கள். அப்படியும் 14 ஆட்டத்தில் 4 வெற்றி. பத்து அணியில் பத்தாவது இடம். அணியின் சரித்திரத்தில் கடைசி இடம் இதுதான் முதல் தடவை.

“கடைசி ஆட்டத்துல ஜெயிச்சு என்னண்ணே பிரயோசனம்?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

“அறுத்த வயல்ல கதிர் பொறுக்குறோம்ல, அது எதுக்கு?” என்றார் பெரியப்பா.

ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்தாயிற்று. வீட்டில் துத்தநாக சல்பேட் வாங்கி வைத்தாயிற்று. மஞ்சள் சட்டையை மனைவி துவைத்து, பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டார். இருபத்திரண்டு மூட்டை இந்தத் தடவை எத்தனை ஆகும் என்று அவர் யாரிடமும் சவால் விடவில்லை. குளத்தடி வயலை இந்தச் சாகுபடிக்கு மகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் தினமும் காலையில் வரப்பு வரை போய்விட்டு வருகிறார். மகனும் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. திருப்பூர்ப் பேச்சும் இப்போது இல்லை.